பழைய லாரியைத் தாழ்த்தலாமா?

இந்த முறை கொஞ்சம் இரும்பும் எண்ணெயும் கலந்த விஷயம். நம் வாசகர்களில் பாதிப்பேர் மில்லிலோ, துறைமுகத்திலோ, எண்ணூர் லேலண்டிலோ வேலை பார்த்தவர்கள் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

பழைய லாரியையோ பிக்கப் வண்டியையோ வாங்கிப் புதுப்பித்து, முன்பக்கத்தைத் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்த்தி வைக்கும் ஆசை இப்போது பையன்களிடம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் பல காலமாக நடக்கிற காரியம். கைபேசியில் படம் பார்த்துவிட்டு இங்கேயும் கிளம்பியிருக்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டியைத் தாழ்த்துவது குற்றமில்லை. உயரத்தை மட்டும் குறைத்துவிட்டு, முன்சக்கரத்தின் கோணக் கணக்கை அப்படியே விட்டுவிடுவதுதான் குற்றம். அந்தக் கணக்கைத் திரும்பப் போட ஆளும் காசும் பொறுமையும் இல்லாதவர்கள், கம்பெனி விட்ட உயரத்திலேயே வண்டியை விட்டுவைப்பது எல்லாருக்கும் நல்லது.

நான் மெக்கானிக் இல்லை, கோப்பு புரட்டிய குமாஸ்தா. ஆனால் புளியந்தோப்பில் இத்தனை வருஷம் குடியிருந்தவனுக்கு லாரி தெரியாமல் இருக்க முடியாது. பேசின் பிரிட்ஜ் பக்கம் போனால் லாரி, தண்டையார்பேட்டை பக்கம் போனால் லாரி. பட்டறைத் திண்ணைகளில் உட்கார்ந்து கேட்டதும், பிறகு ஆசையால் படித்ததும்தான் என் மூலதனம்.

நாம் இதுவரை செய்தது நேர்எதிர். நம் ஊரில் யாரும் லாரியைத் தாழ்த்தவில்லை, ஏற்றத்தான் செய்தார்கள். பாரம் அதிகம், ரோடு மோசம், ஆகவே ஒரு பட்டை கூடுதலாகச் செருகு என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி கிறைஸ்லர் உரிமத்தில் செய்த டாட்ஜ், பார்கோ லாரிகள் உங்களுக்கு நினைவிருக்கும். பல வண்டிகளில் பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டு, நம்ம செம்பியம் சிம்சனின் பெர்கின்ஸ் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். டீசல் எஞ்சின் கனம் கூடுதல் என்பதால் முன்பக்கம் அழுந்தும், அதற்கும் ஒரு பட்டை போடவேண்டும். அப்போது பட்டறை மேஸ்திரி வண்டியைச் சும்மா அனுப்பமாட்டார். முன்னால் இருந்து பார்ப்பார், பக்கவாட்டில் பார்ப்பார், நூல் பிடிப்பார், ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பார். ஏற்றினாலும் இறக்கினாலும் ஸ்டீயரிங் மாறும் என்பது அவருக்குப் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்திருந்தது.

என்ன மாறுகிறது என்று பார்ப்போம். நம் பழைய லாரிகளின் முன்பக்கம் எளிமையானது. எண்ணூரில் 1948ல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி, 1955ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியின் காமெட் ஆகட்டும், 1954ல் மெர்சிடிஸ் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து டாட்டா விட்ட லாரி ஆகட்டும், இந்துஸ்தான் பெட்ஃபோர்ட் ஆகட்டும், எல்லாவற்றிலும் ஒரே ஏற்பாடுதான். குறுக்கே ஒரு கனத்த இரும்பு ஆக்சில். அதன்மேல் இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். ஆக்சிலின் இரு முனையிலும் கிங் பின். அந்தக் கிங் பின்னைச் சுற்றித்தான் சக்கரம் திரும்புகிறது.

இதில் மூன்று கோணங்கள் முக்கியம். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அந்த மொழிப் பெயர்கள் எனக்கு விஷயத்தைச் சுலபமாக்கின, உங்களுக்கும் ஆக்கும். கேம்பர் என்பதைப் பிரெஞ்சில் கரொசாஜ் என்பார்கள். முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. டோ-இன் என்பதற்கு பேன்ஸ்மான் என்று பெயர், அதாவது கிள்ளுதல். இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் சற்றே நெருங்கியிருப்பது, இரண்டு விரலால் கிள்ளுகிற மாதிரி. மூன்றாவது கேஸ்டர். அதற்கு ஷாஸ் என்று பெயர். வேட்டைக்கும் அதே சொல்தான்.

இந்த மூன்றாவதுதான் நம் கதாநாயகன். சைக்கிளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன் ஃபோர்க் நேராக நிற்காது, மேல்பகுதி பின்னால் சாய்ந்திருக்கும். அதனால்தான் வேகத்தில் போகும்போது கையை லேசாக விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. லாரியின் கிங் பின்னும் அதே மாதிரி சில டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். முனையில் திரும்பியபின் ஸ்டீயரிங் தானாகவே நேருக்கு வருவது முக்கியமாக அந்தச் சாய்வால்தான்.

இப்போது கணக்குக்கு வாருங்கள். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே 4 மீட்டர் உள்ள வண்டி என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தைத் தொடாமல் முன்பக்கத்தை மட்டும் 7 சென்டிமீட்டர் இறக்குகிறார்கள். 7ஐ 400ஆல் வகுத்தால் 0.0175. அது ஒரு டிகிரியின் கணக்கு. சேசிஸ் முழுவதும் ஒரு டிகிரி முன்னால் கவிழ்கிறது, கூடவே ஆக்சிலும் கிங் பின்னும் கவிழ்கின்றன. இருந்ததே சில டிகிரி, அதில் ஒன்று போய்விட்டது. ஸ்டீயரிங் பிடிக்க லேசாக இருக்கும், பையன்களும் "வெண்ணெய் மாதிரி திரும்புது" என்று சந்தோஷப்படுவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் அறுபதில் போகும்போதுதான் வண்டி இப்படியும் அப்படியும் மேய ஆரம்பிக்கும்.

எங்கள் தெருவில் ஒரு பையன் பழைய டாட்ஜ் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். நல்ல பையன். அவனிடம் இதைச் சொன்னேன்.

"இன்னா சார், ரெண்டு பட்டைய உருவிட்டா தானா உக்காந்துடும். இதுக்குப் போய் கணக்கு போடுறீங்களே!" என்றான்.

"உக்காந்துடும்பா. அப்புறம் எழுந்திருக்குமா?" என்று கேட்டேன்.

சிரித்தான். நான் சிரிக்கவில்லை. பட்டையை உருவினால் உயரம் மட்டுமா குறைகிறது? ஸ்பிரிங்கின் பலமும் குறைகிறது. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே 10 சென்டிமீட்டர் ஏறி இறங்க இடம் இருந்தது என்றால், 7 இறக்கியபின் மிச்சம் 3. இருக்கிற மூன்றையும் பலம் குறைந்த ஸ்பிரிங் ஒரே குழியில் தின்றுவிடும். பிறகு இரும்பும் இரும்பும் நேருக்கு நேர்.

சிலர் பட்டையைக் கேஸ் வைத்துச் சூடாக்கி வளைவை எடுத்துவிடுகிறார்கள். பட்டை என்பது பதம் போட்ட எஃகு. உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடி இளஞ்சூட்டில் பதம் பார்த்து எடுப்பது ஒரு கலை. அதைச் செய்கிற மேஸ்திரிகள் நம் பக்கத்தில் இருந்தார்கள், இன்னும் சிலர் இருக்கிறார்கள். ரோட்டோரத்தில் கேஸ் வைத்துக் காய்ச்சி, தண்ணீரை ஊற்றி ஆற்றினால் பட்டை கண்ணாடி மாதிரி ஆகிவிடும். எப்போது உடையும் என்று அதற்கே தெரியாது.

நியாயமான வழிகளும் இருக்கின்றன. முதல் பட்டையின் கண் சாதாரணமாக மேல்நோக்கிச் சுருட்டியிருக்கும். அதைக் கீழ்நோக்கிச் சுருட்டிய புதுப் பட்டை போட்டால், கண்ணின் பருமன் அளவுக்கு வண்டி இறங்கும், பலம் குறையாது. இன்னும் இறக்கவேண்டுமென்றால், நடுப்பகுதி தாழ்ந்து முனைகள் உயர்ந்த ஆக்சிலாகச் செய்து வாங்கிப் போடுவார்கள். சக்கரம் இருந்த இடத்திலேயே இருக்கும், ஸ்பிரிங் உட்காரும் இடம்தான் கீழே வரும். ஆனால் இருக்கிற ஆக்சிலையே காய்ச்சி வளைப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். அடித்துப் பதம் போட்ட இரும்பு அது. உடைந்தால் வண்டியில் வேறு துணை கிடையாது.

எந்த வழியில் இறக்கினாலும் இரண்டு காரியம் பாக்கி இருக்கும். ஒன்று, இழந்த கேஸ்டரைத் திரும்பக் கொண்டுவருவது. ஸ்பிரிங்குக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைப்பார்கள். ஸ்பிரிங் ஆக்சிலின் மேலே உட்காரும் வண்டியில் ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் வரவேண்டும். மாற்றி வைத்தால் இருந்த கொஞ்சமும் போய்விடும். யூ போல்ட்டும் சென்டர் போல்ட்டும் புதிதாகப் போடவேண்டும். பழைய யூ போல்ட் ஒருமுறை இழுபட்டது, அதையே திரும்ப முறுக்குவது சிக்கனம் ஆகாது.

இரண்டாவது காரியத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் நீளக் கம்பி, டிராக் லிங்க். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஆக்சில் ஒரு வட்டப்பாதையில் போகிறது, இந்தக் கம்பியின் முனை இன்னொரு வட்டப்பாதையில் போகிறது. இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும்படி கம்பெனிக்காரன் அமைத்திருப்பான். வண்டியைத் தாழ்த்தினால் கம்பியின் சாய்வு மாறி, இரண்டு பாதையும் பிரிந்துவிடும். விளைவு, பள்ளத்தில் விழும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலே சக்கரம் திரும்பும். இதை ஆங்கிலத்தில் பம்ப் ஸ்டீயர் என்பார்கள். டிராப் ஆர்மையோ சக்கரத்துப் பக்கம் உள்ள ஸ்டீயரிங் ஆர்மையோ மாற்றி, கம்பியைப் பழைய சாய்வுக்குக் கொண்டுவரவேண்டும். அந்த ஆர்மை வெல்டிங் வைத்து வளைப்பது தற்கொலைக்குச் சமம்.

கேம்பர் பற்றி ஒரு நல்ல செய்தி. நம் லாரிகளில் அது ஆக்சிலிலேயே அடித்து வைத்தது, வளைக்காதவரை தாழ்த்தினாலும் மாறாது. இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஆடும் வண்டிகளில்தான் அது மாறும். அதற்கு நமக்குத் தெரிந்த உதாரணம் அம்பாசடர். அதன் முன்பக்கம் முறுக்குக் கம்பியால், அதாவது டார்ஷன் பாரால் தாங்கப்படுவது. வயதான அம்பாசடரில் முன்பக்கம் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்து, டயரின் உள்பக்கம் மட்டும் மொட்டையாகியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். யாரும் வேண்டுமென்று தாழ்த்தவில்லை, தானாகத் தாழ்ந்ததற்கே அந்தக் கதி.

அமெரிக்கர்கள் அதிகம் தாழ்த்துவது செவர்லே சி-10 மாதிரி பிக்கப்களை. 1963 முதல் அதன் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கும் தனித்தனிக் கைகளும்தான். சுருளை வெட்டித் தாழ்த்தினால் கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து கேம்பர், டோ இரண்டும் கெடும். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் சக்கரம் மாட்டும் ஸ்பிண்டில் பாகத்தையே மாற்றுகிறார்கள். சக்கரத்தின் மையத்தை மேலே நகர்த்தி வார்த்த ஸ்பிண்டில் அது. வண்டி இறங்கும், கைகளின் சாய்வு பழையபடியே இருக்கும். நம் பையன்கள் பார்க்கும் படத்தில் வண்டி தாழ்ந்திருப்பது மட்டும் தெரிகிறது. உள்ளே போட்ட இந்த வேலை படத்தில் தெரிவதில்லை.

சரி, இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஓட்டுவது எங்கே? நம் வடசென்னையில்தானே. தெருவுக்கு இரண்டு வேகத்தடை, அதுவும் அவரவர் இஷ்டத்துக்குப் போட்டது. மழை வந்தால் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர். கன்டெய்னர் லாரிகள் உழுத ரோட்டில் தார் வரப்பு கட்டி நிற்கிறது. எண்ணெய்த் தொட்டி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கும் வண்டியை இங்கே ஓட்டுகிறவனுக்கு ரோட்டைப் பார்க்கவே நேரம் சரியாக இருக்கும், ஆட்களைப் பார்க்க நேரம் இருக்காது. நம் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகளும், மீன்கூடைக்காரம்மாக்களும், என்னைப்போல் கைத்தடிக்காரர்களும் ரோட்டில்தான் நடக்கிறோம். நடைபாதை எங்கே இருக்கிறது? பள்ளத்தில் தானாகத் திரும்பும் சக்கரம் யார் பக்கம் திரும்பும் என்பதுதான் என் கவலையெல்லாம்.

இனி சட்டம். இது என் பழைய பேட்டை, அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. பதிவுச் சான்றில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

2021 ஜூலையில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. 50 வயது தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு தனிப் பதிவு. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அசல் வடிவில் இருக்கவேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம், அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ கூடாது. ஆகவே சேசிஸை வெட்டித் தாழ்த்துகிறவன் இந்தத் தகுதியையும் இழக்கத் தயாராக இருக்கவேண்டும்.

சட்டம் சொல்வது நல்லதற்குத்தான். ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. கூடாது என்று மட்டும் சொல்கிற விதி, காரியத்தை நிறுத்துவதில்லை, இருட்டுக்குத் தள்ளுகிறது. ஒழுங்காகச் செய்யக்கூடிய மேஸ்திரி வம்பு வேண்டாமென்று ஒதுங்கிக்கொள்கிறார். எதற்கும் துணிந்தவன் ராத்திரியில் வெல்டிங் வைக்கிறான்.

பிரான்சில் ஒரு முறை இருக்கிறது. ரெசெப்சியோன் ஆ தீத்ர் இசோலே என்று பெயர். தனி ஒரு வண்டிக்கான ஏற்பு என்று சொல்லலாம். மாற்றம் செய்த வண்டியை அரசு அலுவலர் பரிசோதித்து, சரியாக இருந்தால் அதன் காகிதத்தில் பதிந்து தருவார். ஜெர்மனியிலும் ட்யூஃப் போன்ற பரிசோதனை அமைப்புகள், தாழ்த்தும் ஸ்பிரிங் போட்ட வண்டியைப் பார்த்துச் சான்று கொடுக்கின்றன. நமக்கு மட்டும் என்ன குறை? ஒரகடத்தில் மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஆட்டோமொபைல் துறை அந்தக் கல்லூரி தொடங்கிய காலம் முதல் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒற்றை வண்டியைப் பரிசோதித்து, "இந்த மாற்றம் செய்யப்பட்டது, இவர் செய்தார், இந்தக் கோணங்கள் அளக்கப்பட்டன" என்று ஒரு தாள் கொடுக்க வழி செய்யலாம். தாளில் கையெழுத்துப் போடுகிறவர் பொறுப்பாக வேலை செய்வார். முப்பத்தைந்து வருஷ குமாஸ்தா வாழ்க்கையில் நான் கற்ற பாடம் அது ஒன்றுதான்.

அந்த வழி வரும்வரை, பழைய லாரி வைத்திருக்கும் தம்பிகளுக்கு என் யோசனை இவ்வளவே. முதலில் வண்டியைக் கம்பெனி உயரத்தில் ஒழுங்காக்குங்கள். கிங் பின், புஷ், ஷாக்கிள், பட்டை எல்லாம் புதுசு போடுங்கள். ரசமட்டமும் தூக்குக்குண்டும் டேப்பும் வைத்து எல்லா அளவையும் நோட்டில் எழுதி வையுங்கள். அசல் உயரத்திலேயே ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். பல பேருக்குத் தாழ்த்தும் ஆசையே போய்விடும், ஏனென்றால் ஒழுங்காக நிற்கிற பழைய லாரிக்கு ஒரு கம்பீரம் உண்டு. அப்புறமும் வேண்டும் என்றால் அனுமதிக்கு முறைப்படி எழுதிக் கேளுங்கள். கிடைத்தால் தெரிந்த மேஸ்திரியிடம் செய்யுங்கள், அசல் ஆக்சிலையும் பட்டையையும் எண்ணெய் தடவிப் பரணில் வையுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

எதிர்த் தெருவில் அந்த டாட்ஜ் இன்னும் கட்டைமேல்தான் நிற்கிறது. போன வாரம் பையன் வந்து, "சார், அந்த ஆப்புல தடிச்ச பக்கம் எங்க வரணும்னு சொன்னீங்க?" என்று கேட்டான். சொன்னேன். கேட்கிற பையனுக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம்.